காரை ஓட்டியது யார்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே நானும் அத்தானும் சௌக்கியம். போனில் நீ "ம்", "சரிக்கா" என்பதோடு நிறுத்திவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். பதிலும் எழுத்திலேயே வர வேண்டும்.

உன் நன்னடத்தை அதிகாரி நேற்று இங்கே விசாரிக்க வந்தார். சின்ன வயசு, தன்மையான ஆள். "தம்பி எப்படிம்மா?" என்றார். தங்கம் என்று சொன்னால் போதுமா? உதாரணம் காட்டாமல் நான் எதையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறேனா? அத்தானுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் வராததையும், பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஊரில் இல்லாததால் அவர் மனைவியிடம் சாவி வாங்கி நீயே காரை எடுத்ததையும் விலாவாரியாகச் சொன்னேன். "அன்னிக்கு வண்டியில வேகமா வந்து அந்தப் பெரியவர்மேல மோதி கேஸான பையன், இப்ப எவ்வளவு நிதானமா ஓட்டறான் தெரியுமா? அவனாலதான் இவர் உயிரோட இருக்கார்" என்றேன்.

"அவரேவா ஓட்டினார்?" என்று கேட்டார்.

"பின்னே?" என்றேன் பெருமையாக.

டீயைக் குடிக்காமலே போய்விட்டார். சர்க்கரை அதிகமோ என்னவோ.

அன்புடன்,
அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

அதிகாரி பேக்கரிக்கு வந்திருந்தார். அடுத்த மாதம் முடிய இருந்த என் நன்னடத்தைக் காலத்தை ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டுக்கு எழுதிவிட்டார். எந்த வண்டியையும் நான் ஓட்டக் கூடாது என்பது நிபந்தனை. வெட்கப்பட்டு உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அன்று நீ என்னைச் சாவியைத் தொடவிட்டிருக்க மாட்டாய், அத்தானும் இருந்திருக்க மாட்டார்.

ரத்தானால், நிறுத்திவைத்த இரண்டு வருஷத் தண்டனையையும் ஜெயிலில் கழிக்க வேண்டும். அதிகாரிக்கும் மனசு கேட்கவில்லை. "உங்க அக்கா நல்லதுன்னு நினைச்சுதான் சொன்னாங்க. தெரிஞ்ச பிறகு எழுதாம விட்டா என் வேலை போயிடும்" என்றார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "மாவைப் பிசைஞ்சு வச்சுட்டுப் போ" என்றார்.

தையல்காரர்தான் ஓட்டினார், பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நீ சாட்சி சொன்னால் தப்பிக்கலாம் என்கிறார் வக்கீல். தையல்காரரும் சரி என்கிறாராம். வேண்டாம் அக்கா. சீட்டாட்டத்தில் ஜோக்கர் வந்தாலே உன் முகம் ஊருக்கே சொல்லிவிடும்.

தம்பி

ஜூன் 20

என் கண்ணுக்கு,

சொல்லத்தான் போகிறேன். அத்தான் நாற்காலியைச் சுவரோரம் போட்டு நீதிபதியாக உட்கார்ந்துகொள்கிறார்.

"காரை யாரும்மா ஓட்டினது?"

"தையல்காரர்."

"தரையப் பாத்துச் சொல்லாதே. மறுபடி."

தினமும் காலையிலிருந்து இதுதான். நேற்று ஒருமுறை தடுமாறாமல் சொன்னேன். அவர் கைதட்டப் போய், பாதியில் அழுதுவிட்டார். நீ கோர்ட்டில் வாயைத் திறக்காதே. அது போதும். உன்னை நான் உள்ளே விடமாட்டேன்.

அக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

இங்கே வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

நீ நன்றாகத்தான் சொன்னாய். நம் வக்கீல் கேட்டவரை ஒரு சொல் பிசகவில்லை. அரசு வக்கீல், "தையல்காரர் அன்னிக்கு வெளியூர்ல இருந்தாரே, எப்படிம்மா ஓட்டினார்?" என்றதும் நீ என்னைப் பார்த்தாய். பதில் தெரியாத பிள்ளை பக்கத்து பெஞ்சைப் பார்ப்பதுபோல. "பொய்ச் சாட்சி சொன்னா உங்களையும் உள்ள போடுவாங்க, தெரியுமா?" என்று அவர் கேட்டார். அப்படியும் நீ "தையல்காரர்தான்" என்றாய். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, நான்தான் ஓட்டினேன் என்றேன்.

காரை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை என்று அத்தானிடம் சொல். அவர் மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்ளட்டும்.

உன்மேல் கோபமும் இல்லை. ஆனால் நீ இங்கே வந்தால் அழுவாய். நான் "பரவாயில்லக்கா" என்பேன். மறுபடி வருவாய், மறுபடி சொல்ல வேண்டும். பேக்கரியில் வேறு ஆள் வந்தாயிற்று. நான் குடியிருந்த அறையையும் வாடகைக்கு விட்டுவிட்டார்களாம். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உன்னைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

என்னை யார் யார் பார்க்க வருவார்கள் என்று ஜெயிலில் பெயர் கேட்டார்கள். உன் பெயரைக் கொடுக்கவில்லை.

தம்பி