பழைய ஹார்டு டிஸ்க்

7 ஏப்ரல் 2005, வியாழன்

கம்ப்யூட்டரில் அழித்த கேள்வித்தாள் உண்மையிலேயே அழிந்துவிடுமா? எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் மெக்கானிக் வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் புதுப் பாகங்கள் மாட்டியபோது கழற்றிய பழையவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். இன்று கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் பெட்டி இல்லை.

"பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டுச் சாமான் வெளிய போகக் கூடாதுல்ல" என்றார் என் கணவர்.

"அதுல ஹார்டு டிஸ்க் இருந்துச்சுங்க. திங்கக்கிழமை பரீட்சைக்கு நான் செட் பண்ண கேள்வித்தாள் அதுலதான் இருந்துச்சு."

"அழிச்சுட்டேன்னு சொன்னியே?"

"அழிச்சேன். அழிச்சாலும் திரும்ப எடுக்கலாம்னு மெக்கானிக் சொன்னாரே."

அந்தக் கடைக்குப் பழைய பாகங்கள் பொறுக்க எங்கள் மாணவர்களே போவார்கள். இப்போது கடை பூட்டியிருக்கும். தூக்கம் வரவில்லை.

வெள்ளி

கடை திறக்கும்போதே போய் நின்றோம். பெட்டி கண்ணெதிரே இருந்தது.

"போணி ஆகாம எதையும் திருப்பிக் குடுக்க மாட்டேன்க்கா. செத்த நேரம் உக்காருங்க" என்றார் கடைக்காரர்.

உட்கார்ந்தேன். ஒருவர் வந்து சைக்கிள் ரிம் வாங்கிப் போன பிறகுதான் பெட்டி கைக்கு வந்தது. டிஸ்க் உள்ளேயே இருந்தது.

"அதான் கிடைச்சிருச்சுல்ல, வா போவோம்" என்றார் இவர்.

"நேத்து இதை யார் யார் எடுத்துப் பாத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ரோட்டைக் கடந்தேன். எதிரே எஸ்டிடி பூத்திலிருந்து தேர்வு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, என் கேள்வித்தாளை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கச் சொன்னேன். இனி கேள்வித்தாள் தயாரிக்க என்னைக் கூப்பிட மாட்டார்கள்.