கரும்புத் தொட்டிலுக்கு யார் தோள்

ஸ்ரீரங்கம்
ஞாயிறு

அன்பு மகன் ஜெயக்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீ நல்லபடியாகத்தான் இருப்பாய், லேசாகத் தலைவலித்தாலே உன் போன் வந்துவிடும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

உன் அப்பாவுக்குத் தோள் வலி என்று போன வருஷமே சொன்னேன், வயசானா வலிக்கத்தாம்மா செய்யும் என்று ஸ்பிரே அனுப்பினாய். இப்போது வலது கையைத் தூக்கினால் விரலெல்லாம் மரத்துப்போகிறது, டீ டம்ளர்கூட நழுவுகிறது. தில்லை நகரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சதைப்பட்டை இவருக்கு அக்குளுக்குள் பிறவியிலேயே இருக்கிறது, வாழைத்தார் சுமந்து சுமந்து அது தடித்துக் கைக்குப் போகிற நரம்பை நசுக்குகிறது, அதை வெட்டிவிட்டால் சரியாகும், தள்ளிப்போட்டால் கை சூம்பிப்போகும் என்றார்கள். இதை உன்னிடம் சொன்னால் நீ என்ன சொன்னாய்? பொறந்ததுலேருந்து இருக்கிறதுதானம்மா, என்ன அவசரம், சமயபுரத்துல தொட்டில் தூக்கி முடிச்சிட்டுப் பாத்துக்கலாம் என்றாய். படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது.

நீயும் பவித்ராவும் பிள்ளையில்லாமல் அழுதபோது கரும்புத் தொட்டில் வேண்டிக்கொண்டவள் நான்தான், ஆத்தாளும் பேரனைக் கொடுத்தாள். கரும்பில் சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டு, பெற்றவர்கள் ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக் கோயிலைச் சுற்ற வேண்டும், அதுதான் வேண்டுதல். நீ என்னடாவென்றால் லீவு இல்லை, என் பக்கத்தை அப்பா பிடிக்கட்டும் என்றுவிட்டாய். மகன் கேட்டுவிட்டான் என்று அவரும் தலையாட்டிவிட்டு, பேரனைத் தூக்கிட்டுத்தான் ஆபரேஷன் என்று உட்கார்ந்துவிட்டார். அவரையும் நான் சும்மா விடவில்லை, நன்றாகத் திட்டினேன்.

நேற்று கொல்லையில் தொப்பென்று சத்தம் கேட்டு ஓடினேன். கரும்பில் என் பழைய சேலையைக் கட்டி, பிள்ளைக்குப் பதில் ஒரு சின்னப் பூவன் தாரைப் போட்டு, பக்கத்து வீட்டு இருதயமேரியை மறுமுனை பிடிக்கச் சொல்லி ஒத்திகை பார்த்திருக்கிறார். நாலடி வைப்பதற்குள் கை மரத்துப் பிடி விட்டுவிட்டது. காயெல்லாம் நசுங்கித் தரையில் கிடக்கிறது, அவள் கரும்பைப் பிடித்தபடி திகைத்து நிற்கிறாள். அதில் நம் பிள்ளை இருந்திருந்தால்? உன் அப்பா நிமிர்ந்தே பார்க்கவில்லை, ஜெயாகிட்ட சொல்லிடாத என்றார். அப்புறம்தான் ஆபரேஷனுக்குச் சரி என்றார். புதன்கிழமை சேர்க்கிறேன். மருங்காபுரியில் தன் அம்மா வீட்டில் பிள்ளையோடு இருக்கிற பவித்ராவிடமும் சொல்லிவிட்டேன், நீ வருகிறவரை தொட்டில் கிடையாது. ஆத்தாளிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஏசிக்கு நேராகப் படுக்காதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். சமயபுரத்தாள் உன்னைக் காப்பாற்றட்டும். வரும்போது ஸ்பிரே, தைலம் எதுவும் வாங்கி வராதே. உன் தோளைக் கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
பவுனம்மாள்