மலையைத் திருப்பிக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை

மாட்சிமை பொருந்திய வீட்டு ரயில்வே அமைச்சர் அவர்களுக்கு,

தையல் இலாகா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன்னிடம் கேட்டால் சீட்டில் "ம்" என்று ஓர் எழுத்து எழுதிக் கொடுப்பாய். ஆகையால் அதை உன் தங்கையிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் செய்தி. ஓடுகிறது! இன்று காலை பதினொன்றரை மணிக்கு உன் ரயில் ஓடியது. புதுக் கம்ப்யூட்டரில் இருந்து, உன் பழைய கண்ட்ரோலர் பெட்டி வழியாக, நான் பற்றவைத்த கம்பியில் ஓடியது. மாதிரி ரயில் சங்கத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டுகூடப் போகவில்லை. போகப் போவதும் இல்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டர் உன்னை ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் ரயிலைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொல்வேன், நீ திருத்தாமல் இருக்க மாட்டாய். முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி.

போன வாரம் பார்வை நேரம் முடிந்து நான் கிளம்பும்போது என் சட்டைப் பையில் ஒரு சீட்டைத் திணித்தாய். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். "கம்ப்யூட்டரே செத்துப்போச்சு. எல்லாத்தையும் சங்கத்துக்குக் குடுத்துடுங்க. நான் வந்தாலும் வராட்டியும் இனிமே அது எதுக்கு?" என்று எழுதியிருந்தாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கோபம் கம்ப்யூட்டர் மேல் இல்லை, சங்கத்தின் மேலும் இல்லை. "வராட்டியும்" என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? ஆபரேஷன் தொண்டையில்தானே, கையில் இல்லையே!

சரி, திட்டவில்லை. திட்டினால் உனக்குப் பதில் சொல்லத் தோன்றும்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சங்கத் தலைவர் போன் செய்துவிட்டார். அதாவது நீ "சிக்னல்" என்று பெயர் வைத்திருக்கிறாயே, கையைத் தூக்காமல் பேசத் தெரியாதவர், அவர்தான். உன் தங்கை மூலம் அவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வேன் கொண்டுவருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ரயில் ஓடிவிட்டால் எதையும் தரமாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். "ஓடாதுங்க. அந்தக் கண்ட்ரோலர் வந்து இருபது வருஷம் ஆச்சு. இப்ப வர்ற கம்ப்யூட்டருக்கு அதோட பாஷையே தெரியாது. அம்மா இருந்தாங்கன்னா ஏதாவது செய்வாங்க" என்றார். உன்னைத்தான் சொல்கிறார், அம்மா இருந்தாங்கன்னாவாம். அப்போதே முடிவு செய்தேன். ரயிலே பிடிக்காத நான் இந்த ரயிலை ஓட்டிக் காட்டுவது என்று.

கடையில் வாடிக்கையாளர் அளவுகளைப் பதிய ஒரு மடிக்கணினி வாங்கினோம் அல்லவா, அதைத் தூக்கி நடு அறைக்குக் கொண்டுவந்தேன். முன்னறையில் கடை ஒரு வாரமாகப் பழையபடி சாக்பீஸிலும் துண்டுக் காகிதத்திலும் நடக்கிறது. உன் மேஜை இழுப்பறையில் இருந்த ரயில் புரோகிராம் சிடியை, கம்ப்யூட்டர் கடைக்காரர் பென் டிரைவில் மாற்றிக் கொடுத்தார். அவரும் சும்மா கொடுக்கவில்லை. "இவ்ளோ பழசைக் கட்டிக்கிட்டு ஏன் சார் அழறீங்க, எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க" என்று அறிவுரை சொன்னார். பழைய கோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் நான் ஒருநாளும் அப்படிச் சொன்னது கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மடிக்கணினியில் உன் கண்ட்ரோலர் கம்பியைச் செருக இடமே இல்லை. உன் கம்பியின் முனையில் இருப்பது இருபத்தைந்து பின் கொண்ட பட்டைப் பிளக். இதில் இருப்பதோ சின்ன யுஎஸ்பி வாய்கள் இரண்டு. நடுவில் ஒரு மாற்றி வேண்டும் என்று உன் நோட்டில் நீயே எழுதி வைத்திருந்தாய். வாங்கினேன். அதன் மறுமுனையில் ஒன்பது பின். ஆக, உன் கம்பியில் இருக்கிற பெரிய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு ஒன்பது துளைப் பிளக் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். நோட்டில் அதற்கும் படம் இருந்தது, எந்த நிறக் கம்பி எந்தத் துளைக்கு என்று. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் மனுஷி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய்.

எத்தனையோ பேருடைய விலை உயர்ந்த துணியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியவன் நான். இந்த ஒரு கம்பியை வெட்ட மூன்று தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வெட்டினேன், பற்றவைத்தேன். நான்கே கம்பிகள்தான், பட்டன் தைப்பதைவிடப் பெரிய வேலை இல்லை. செருகினேன். ஒன்றும் இல்லை.

முதலில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். மடிக்கணினி அந்த மாற்றிக்கு ஏழு என்று நம்பர் கொடுத்து வைத்திருந்தது. உன் புரோகிராமுக்கு நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் மறுபடி போய் நின்று, அவர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு, அதை இரண்டு என்று மாற்றக் கற்றுக்கொண்டு வந்தேன். இப்போது மாற்றியில் பச்சை விளக்கு மினுக்கியது. கம்ப்யூட்டர் பேசுகிறது என்று அர்த்தம். கண்ட்ரோலர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "பதில் இல்லை" என்று திரையில் வந்தது. மூன்று நாள் அதே இரண்டு வார்த்தை. வீட்டில் வேறு சத்தமும் இல்லையா, எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. பயமாக இருந்தது என்று உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம். பயமாகத்தான் இருந்தது.

இன்று காலை ஒன்பதரைக்கு, தைக்கக் கொடுத்திருந்த கோட்டை வாங்க ஒரு பஸ் டிரைவர் வந்தார். உள்துணியில் பை வைக்க வேண்டியது மட்டும் பாக்கி. போட்டுப் பார்க்கச் சட்டையைக் கழற்றியவரை அப்படியே உட்காரவைத்துவிட்டுக் கோட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டேன். பை இடப்பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார். திருப்பிப் போட்டிருப்பதால் என் வலக்கைப் பக்கம் ஊசியைக் குத்தினேன். குத்தியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

நீ மீட்டர் பார்க்கிற உத்தியோகத்தில் இருக்கிறவள். எதையும் முகத்துக்கு நேராக நின்று படிப்பாய். பிளக்கையும் அப்படித்தான் வரைந்திருக்கிறாய், துளைகள் உன்னைப் பார்க்கிற மாதிரி. நான் தையல்காரன். எனக்குத் துணி என்றாலே உள்பக்கம்தான். பற்றவைப்பது பிளக்கின் முதுகில் அல்லவா, அதனால் படமும் முதுகுப் பக்கம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். உன் வலது எனக்கு இடது!

டிரைவரைப் பனியனோடு உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிளக்கிலேயே துளைக்குப் பக்கத்தில் எறும்புக் கால் அளவில் எண்கள் போட்டிருக்கின்றன. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் நான் ஐந்தைப் பற்றவைத்திருந்தேன். நடுவில் இருந்த ஒரு கம்பி மட்டும் சரி. நடுவில் இருப்பது எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவில்தானே இருக்கும். மற்ற மூன்றும் இடம் மாறிக் கிடந்தன. எல்லாவற்றையும் பிரித்தேன். தையலைப் பிரிப்பதில் என்னைவிட்டால் ஆள் இல்லை.

அதற்குள் பதினொன்றாகிவிட்டது. சிக்னல் வந்துவிட்டார், வேனோடு, அட்டைப் பெட்டிகளோடு. வந்ததும் வராததுமாக டேப்பை எடுத்து வாசல் கதவின் அகலத்தை அளந்தார். என் வீட்டில், என் கண்முன்னால், இன்னொருவர் டேப்பை விரிப்பதா? அரை மணி நேரம் பொறுங்கள் என்றேன். "நீங்க பாட்டுக்கு செய்யுங்க, நாங்க பாட்டுக்கு ஒண்ணொண்ணா எடுத்து வைக்கிறோம்" என்றார். நான் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருக்கிறேன், அவரும் வேன் ஓட்டுநரும் உன் மலையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நீ ஒரு வருஷம் உட்கார்ந்து காகிதக்கூழில் செய்த மலை. சுரங்கப்பாதையோடு தெருவில் போகிறது. பனியன் டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்துபோய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "சார் வேலை முடியட்டும். அதுக்கப்புறம் எடுங்க" என்றார். அந்தக் கோட்டுக்கு அவரிடம் கூலி வாங்கினால் எனக்கு அடுக்காது.

கடைசிக் கம்பி ஆறியது. செருகினேன். புரோகிராமைத் திறந்தேன். திரையில் "கண்ட்ரோலர் தயார்" என்று வந்தது.

தயார்! மூன்று நாளாக ஊமையாக இருந்த பெட்டி, தயார் என்கிறது. நான் ஒரு சத்தம் போட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சிவப்பு இன்ஜினைக் கூப்பிடும் எண்ணை அடித்தேன், இருபத்தாறு. அந்த ஒன்று எனக்கு மறக்காது. நீ முதல்முதலாக என் கடைக்கு வந்தபோது நான் எடுத்த உன் இடுப்பளவு. அதைத்தான் இன்ஜினுக்கு வைத்தேன் என்று நீ சொன்ன அன்று நான் வெட்கப்பட்டேன், நினைவிருக்கிறதா? எண்ணை அடித்து வேகத்தைக் கூட்டினேன். விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷம் நின்று யோசித்தது. பிறகு நகர்ந்தது.

ஸ்டேஷனைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, மலை இருந்த வெற்றிடத்தையும் தாண்டி ஒரு முழுச் சுற்று வந்தது. சிக்னல் கையைத் தூக்கினார், தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். நான் மேஜைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, மலையைத் திருப்பிக் கொண்டுவந்து வையுங்கள் என்றேன். என் வாழ்நாளில் அப்படி ஓர் உத்தரவு நான் போட்டது கிடையாது. கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் கோணலாக வைத்தார், நகர்த்தச் சொல்லி நேராக்கினேன். நல்ல மனிதர்தான். போகும்போது என் கையைக் குலுக்கிவிட்டு, அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றார்.

தங்கை கொடுக்கும் சூப்பை ஆறிப்போவதற்குள் நீ குடிக்க வேண்டும். குறட்டை விடுகிறாள் என்று அவளைப் பற்றிச் சீட்டு எழுதாதே, பாவம், பதினைந்து நாளாக நாற்காலியில் தூங்குகிறாள். பள்ளிக்கூடச் சீருடைகள் புதன்கிழமை முடிந்துவிடும். வியாழக்கிழமை கிளம்பி வருகிறேன். வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிவு வரும்போது நான் உன் பக்கத்தில் இருப்பேன். பெண்கள் வார்டில் ஆண்களை விடமாட்டோம் என்றால் வராந்தாவில் நிற்பேன். டாக்டர் என்ன சொன்னாலும் சேர்ந்தே கேட்டுக்கொள்வோம். குரல் வரும் என்றால் வரட்டும். வராது என்றாலும் நீ திட்டுவது எனக்கு உன் புருவத்திலேயே புரியும்.

இன்னொரு விஷயம். செத்த கம்ப்யூட்டரோடு உன் பட்டியலும் போய்விட்டது. மீதி ஏழு இன்ஜின்களும் ஷெட்டில் நிற்கின்றன. அவற்றின் எண்கள் உன் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன. ஒன்றிலிருந்து எண்பது வரை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம், நானே செய்து தருகிறேன் என்றார் சிக்னல். வேண்டாம் என்றேன். நீயும் சீட்டில் எழுதித் தங்கையிடம் கொடுத்து அனுப்பிவிடாதே. அனுப்பினாலும் பிரித்துப் படிக்க மாட்டேன். ஏழையும் நீயே வந்து, உன் விரலாலேயே அடிக்க வேண்டும்.

நன்றாக இரு. நன்றாக இரு. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உத்தரவுக்குக் காத்திருக்கும்
உன் தையல்காரன்