மூன்று முறை காலைத் தட்டிய மான்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

இந்தக் கதையை எவனும் நம்பப்போவதில்லை. இருந்தாலும் உத்திரமேரூர் வட்டத்தின் ஒப்பற்ற வீரனாகிய தாண்டவராயன், வயது ஐம்பத்தெட்டு, இடது முட்டியில் வலி, சத்தியம் செய்து எழுதுகிறேன். ஏரிக்கரைப் புல்லில் பன்னிரண்டு நாய்கள். ஒவ்வொன்றும் எருமை உயரம். நடுவில் ஒரு பெண்மான். வெறுங்கையோடு பாய்ந்தேன். உயிரை விடும்போது அந்த மான் முன்னங்காலால் மூன்று முறை தரையைத் தட்டி, தன் குட்டியை என்னிடம் ஒப்படைத்தது.

டீக்கடையில் இப்படித்தான் சொன்னேன். வரதன் டீக்குக் காசு வாங்கவில்லை.

குட்டி என் ஆட்டுக்கொட்டகையில் இருக்கிறது. முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. தங்கை மகள் திவ்யா மட்டும், "பன்னெண்டு நாயி கடிச்சும் வேட்டி கிழியலயே மாமா?" என்றாள். சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம்.

பிப்ரவரி 10, திங்கள்

குடிக்க மாட்டேன் என்கிறது. புட்டி, விரல், பாலில் நனைத்த துணி — எதற்கும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் வனத்துறை வாட்ச்சர் சாம்சன் வந்தார். போன் போட்டது திவ்யா.

"தாயி செத்தத கண்ணால பாத்தியாண்ணா? மானு குட்டிய புல்லுல ஒளிச்சி வெச்சிட்டுதான் மேயப் போவும். குட்டி அசையாம படுத்துக்கினு இருக்கும். அநாதைனு நெனச்சி தூக்கிக்கினு வந்துடுவாங்க. தாயி உசுரோட கீதுன்னா சொல்லு, இன்னிக்கே அதே எடத்துல வுட்டுடலாம். செத்துட்ச்சின்னா நான் எடுத்துக்கினு போறேன். அப்புறம் அதுக்கு ஆயுசுக்கும் கூண்டுதான்."

வாசலில் வரதனும் நின்றுகொண்டிருந்தான்.

"செத்துப்போச்சு" என்றேன்.

சாம்சன் வண்டி கொண்டுவரப் போய்விட்டார்.

கொட்டகைக்குப் போனேன். தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. டேய் தாண்டவா, இன்னா மனுசன்டா நீ? வாயத் தொறந்தா இன்னா கெட்டுப்பூடும் உனக்கு? ஓசி டீயா?

நாலு மணி. வண்டி வந்தபோது தெருவே கூடிவிட்டது. சொல்லிவிட்டேன். "நாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. தனியா படுத்துக்கினு இருந்துச்சி. தூக்கிக்கினு வந்துட்டேன்."

"பன்னெண்டுல ஒரு நாயாவது தேறாதா தலைவரே?" என்றான் வரதன். எல்லாரும் சிரித்தார்கள். சாம்சன் சிரிக்கவில்லை. "எடத்தக் காட்டுண்ணா" என்றார்.

அதே புல்லில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தோம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கரைப்பக்கம் யாரும் போகக்கூடாது என்று சாம்சன் உத்தரவு. போகவில்லை. டீக்கடைக்கும்தான்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் சாம்சன் கூட்டிப்போனார். புல்லில் குட்டி இல்லை. சுற்றிலும் புல்லை விலக்கித் தேடினேன். அவர் குனிந்து ஈரச் சேற்றைக் காட்டினார். பிளந்த குளம்புத் தடம் பெரிதாக ஒரு வரிசை. அதை ஒட்டியே, கட்டைவிரல் நகம் அளவில் இன்னொரு வரிசை. இரண்டும் காட்டைப் பார்த்துப் போயிருந்தன.

"சேத்துக்கிச்சிண்ணா."

வீட்டில் திவ்யா கேட்டாள்: "அந்தக் கதைல ஒண்ணுகூடவா நெஜம் இல்ல மாமா?"

"ஒண்ணுகூட இல்லம்மா" என்றேன். அதுவும் பொய்.

மான் காலைத் தட்டியது மட்டும் நிஜம். வேலிக்காத்தான் புதருக்கு அந்தப் பக்கம், இருபதடி தள்ளி, என்னையே பார்த்தபடி நின்று தட்டியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் குட்டியைத் தூக்கினேன். என் ஆயுளில் நான் குறைத்துச் சொன்னது இது ஒன்றுதான். மூன்று முறை இல்லை. நான் கரையேறி மறையும்வரை.