அந்திக்கு வருகிறேன் என்றவள்

பதுளை,
12.6.1974

அன்புள்ள தம்பி ஜெபரத்தினத்துக்கு,

அக்கா யோகம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய சமாதானம் உனக்கும், உன்னோடு வந்து ஒரு கிழமை இங்கே ஊழியம் செய்த பிள்ளைகளுக்கும் உண்டாவதாக. நீங்கள் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? தைலத்தை நெஞ்சில் தடவச் சொன்னால் தலையில்தான் தடவுவா. நீ பக்கத்தில் நின்று பார்.

நீங்கள் போனபிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் கிழமைக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது. மாவும் இல்லை, அரிசியும் இல்லை. நமுனுகுலை மலைப் பக்கமிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் பஸ் நிலையத்திலும் கடை வாசல்களிலும் படுத்துக் கிடக்கின்றன. நேற்றுக் காலை ஒரு கிழவர் எழும்பவே இல்லை. நீ விட்டுப்போன பனங்கிழங்கு ஒடியல் மாவில் கூழ் காய்ச்சிக் கொடுக்கிறேன். கசக்குது டீச்சரம்மா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே பிள்ளைகள் இரண்டாம் தரமும் கோப்பையை நீட்டுகிறார்கள்.

இனி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து வாசி.

விடுதியில் சேர்க்க என்று நீங்கள் கூட்டிப்போன நான்கு பிள்ளைகளில் மூவருக்கு ஒருவரும் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் கன்னத்தில் மச்சம் உள்ள அந்த ஒன்றரை வயதுக் குழந்தை அநாதை இல்லை. அவளுக்குத் தாய், தகப்பன், இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள். தாயின் பெயர் வேலாயி.

நீங்கள் புறப்பட்ட அன்று நான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு மருந்து கொண்டு போயிருந்தேன். மாலையில் திரும்பி வந்தபோது நீங்கள் கஞ்சி கொடுத்த கோயில் மண்டப வாசலில் வேலாயி நின்றாள். எங்க புள்ளைய எங்கங்க தூங்க வச்சிருக்கீங்க என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. நம்முடைய கோயில் காவல்காரர் இளையதம்பி வந்து நடந்ததைச் சொன்னபிறகுதான் விளங்கியது.

தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தையையும், மாற்றுத் துணியையும், ஏணை கட்டச் சேலையையும் மூட்டையாகக் கொண்டுவந்து அங்குள்ள ஆயாவிடம் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை வீரிடும். அந்தியில் வந்து தூக்கிக்கொள்வார்கள். உங்கள் குழுவின் பெண்பிள்ளைகள் மண்டபத்தில் ஏணை கட்டிக் குழந்தைகளை ஆட்டுவதைக் கஞ்சிக்கு வந்தபோதெல்லாம் பார்த்த வேலாயி, கோயில்காரர் டவுனில் ஒரு பிள்ளைக் காம்பரா திறந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். அன்று காலை பிள்ளையைக் கொடுத்து, அந்திக்கு வந்து தூக்கிக்கிறேங்க என்று சொல்லிவிட்டு, கடை இப்றாஹீம் நானாவின் மனைவி ரஹ்மத்தும்மா வீட்டில் விறகு கொத்தப் போயிருக்கிறாள்.

உங்கள் குழுப் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு நின்ற கூட்டத்தின் சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லையோ, கேட்டும் நம்பவில்லையோ. மூட்டை முடிச்சோடு பிள்ளையை விட்டுவிட்டு ஒருதரம்கூடத் திரும்பிப் பாராமல் போகிறாளே, பசி இப்படியும் ஒரு தாயைச் செய்யுமா என்று அழுதார்களாம். மத்தியானம் பிள்ளையை வான் வண்டியில் ஏற்றிவிட்டீர்கள்.

அவள் ஒவ்வொரு அந்தியும் மண்டபத்துக்கு வந்து நிற்கிறாள். ரஹ்மத்தும்மா அவர்கள் எல்லோரையும் தன் வீட்டிலேயே படுக்க வைத்திருக்கிறா. இப்றாஹீம் நானா யாழ்ப்பாணத்துக்கு டிரங்க் கோல் எடுக்க மூன்று நாளாக முயன்றும் லைன் கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிய அவசரம் ஒன்று இருக்கிறது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் பெயர் வந்து, அவர்கள் குடும்பம் இருபத்தாறாம் திகதி தலைமன்னாரில் கப்பல் ஏறவேண்டும். தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு முன் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிடு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

பிள்ளையின் பெயர் இராக்கம்மா.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா
யோகம்மா


பதுளை,
20.6.1974

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். எப்போது கொண்டுவருவாய் என்று அதில் ஒரு வரி இல்லை.

பிள்ளை தேறிவிட்டாள், இரண்டு வேளை பால் குடிக்கிறாள், கிருபா என்று பெயர் வைத்திருக்கிறோம் என்கிறாய். ஆண்டவர் நம் கையில் தந்த பிள்ளையைப் பட்டினிக்குத் திருப்பி அனுப்புவது பாவம் என்று விடுதிப் பெரியவர்கள் நினைப்பதாகவும் எழுதியிருக்கிறாய். தம்பி, ஆண்டவர் தரவில்லை. வேலாயி தந்தாள், அந்திவரைக்கும்.

இந்தியாவில் அந்தப் பிள்ளை பிழைக்குமா என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. வேலாயியின் அண்ணன் போன வருஷம் போனவர், ஒரு கடதாசியும் போடவில்லை. போகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. அதெல்லாம் சரிதான். அதை யோசித்துத் தீர்மானிக்க நீ யார், நான் யார்?

இங்கே வர நேரமில்லாவிட்டால் பிள்ளையை நேரே தலைமன்னாருக்குக் கொண்டுவா. நான் அவர்களோடு ரயிலில் வருகிறேன். கப்பல் துறையில் வைத்துத் தாயின் கையில் கொடுத்துவிடலாம். சின்ன வயதில் நீ என்ன செய்தாலும் அம்மாவிடம் நான்தான் ஏச்சு வாங்கினேன். அந்த ஒன்றுக்காகவாவது வா. கடிதம் வேண்டாம், தந்தி கொடு.

அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா
யோகம்மா


பதுளை,
29.6.1974

தம்பி ஜெபரத்தினத்துக்கு,

பிள்ளையோடு வருகிறேன் என்ற உன் தந்தியை வேலாயிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். பதுளை ஸ்டேஷனில் எல்லோரும் கட்டிப் பிடித்து அழுதபோது அவள் ஒருத்திதான் அழவில்லை. ரஹ்மத்தும்மா கொடுத்த மாவுருண்டையில் ஒன்றை மகளுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கப்பல் துறையில் நீ இல்லை. வெயிலில் நின்று வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தோம். ஏன் வரவில்லை என்று எனக்கு எழுதாதே. காரணம் நல்லதாகத்தான் இருக்கும். நல்ல காரணங்களை இந்த மாதம் நிறையக் கேட்டுவிட்டேன்.

அவர்களுடைய முறை வந்ததும், பயணக் கடதாசியில் உள்ள பெண்குழந்தை எங்கே என்று அதிகாரி கேட்டார். பின்னால வருதுங்க என்றாள் வேலாயி. அப்படியானால் பிள்ளை வந்தபிறகு பார்க்கலாம், ஒதுங்கி நில்லுங்கள் என்றார் அவர். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் இரக்கம் இருந்தது, ஆனால் பின்னால் நூறு பேர் நின்றார்கள். வேலாயியின் புருஷன் இரண்டு பையன்களையும் பார்த்தான். சின்னவன் காய்ச்சலில் துவண்டு அவன் தோளில் கிடந்தான். திரும்பிப் போக லயமும் இல்லை. அந்தப் புள்ள செத்துப்போச்சுங்க என்றான். அதிகாரி இராக்கம்மாவின் பெயருக்கு மேல் கோடு போட்டார். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலாயி என் பக்கம் திரும்பினாள். புள்ளைக்கு அங்க மூணு நேரமும் சோறு குடுப்பாங்களா டீச்சரம்மா என்று மட்டும் கேட்டாள். கொடுப்பார்கள் என்றேன். மாவுருண்டையை அவிழ்த்து என் கையில் வைத்தாள். அந்திக்கு வந்து தூக்கிக்கிறேன்னு சொல்லுங்க என்றாள். பிறகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கப்பலுக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இனி நீ விரும்பினாலும் பிள்ளையை அங்கே அனுப்ப வழியில்லை. அந்தப் பக்கத்துக்கு அவள் செத்தவள். அந்தக் குடும்பம் எந்த ஊரில் இறங்கும் என்று கேட்கக்கூட எனக்கு ஒரு விலாசம் இல்லை. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வர மறுக்கிறது தம்பி. எனக்காக நீ செய்.

உன்னிடம் மூன்று காரியம் கேட்கிறேன். கிருபா என்று கூப்பிடாதே, இராக்கம்மா என்றே கூப்பிடு. வளர்ந்து கேட்டால், உன் தாய் உன்னை விட்டுவிட்டுப் போனாள் என்று அந்த விடுதியில் ஒருவரும் சொல்ல விடாதே.

மற்றது சின்னக் காரியம். நேரம் கிடைக்கிற நாட்களில், பொழுதுபடுகிற வேளை அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடுதி வாசல் படலையடியில் கொஞ்ச நேரம் நில். ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக.

அக்கா
யோகம்மா