வெள்ளையாகத் தெரிந்த படம்

இன்று காலை சௌல்தாரியிலிருந்து ஒரு பெங்காலி அண்ணன், நம் வாயில் தாதா, மாம்பழக் கூடையைக் கொண்டுவந்து நம் எக்ஸ்ரே அறைக்குள் இறக்கி வைத்தார். ஏசி போட்டு மூடிய அந்தச் சின்ன அறையில் வாசனை எப்படிக் கட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை. உன்னைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

நாம் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துப் பெண். உன் அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். நான் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தீவுக்கு உத்தியோகத்துக்கு வந்தவரின் மகள், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் தமிழை நீ கேலி செய்வாய், உன் 'என்னா புள்ள'யை நான் கேலி செய்வேன். மற்றவர்களிடம் இருவருக்கும் ஹிந்திதான்.

மெயின்லேண்டுக்குக் கப்பலேறும் மாம்பழத்தைப் படம் பிடித்துப் பார்ப்பது நம் வேலை. காய் பிஞ்சாக இருக்கும்போதே வண்டுப்புழு கொட்டைக்குள்ளே போய்விடும். பழுத்து வரும்போது தோலில் ஒரு வடுகூட இருக்காது. அறுக்காமல் பார்க்க நமக்கு அந்த மிஷினை விட்டால் வேறு வழியில்லை. திரையில், கொட்டைக்குள் நிறைந்திருக்கும் பருப்பு வெள்ளையாகத் தெரியும், வண்டு தின்ற இடம் கறுப்பாகக் குழிந்து கிடக்கும். பழம் கொண்டுவந்தவர் வாசலில் நின்றுகொண்டு, "தீதி, கைஸா ஹை?" என்று கேட்பார், எப்படி இருக்கிறது அக்கா என்று. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "சஃபேத் ஹை, டீக் ஹை" என்பாய். வெள்ளையாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது. ஒரு வருடத்து உழைப்புக்கு உன்னிடமிருந்து கிடைக்கும் பதில் அவ்வளவுதான். அதைக் கேட்டதும் அவர்களுக்கு உயிர் வரும்.

கறுப்பு விழுந்தால் சும்மா அனுப்ப மாட்டாய். அவர் கண்ணெதிரே ஒரு பழத்தை அறுத்து, கொட்டையைப் பிளந்து, வண்டைக் காட்டுவாய். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போன பிறகு, அந்தச் சதையை மிளகாய்த்தூள் தொட்டு நீயே தின்பாய். "கொட்டைக்குள்ள வண்டு இருந்தா சதை என்னா பாவம் பண்ணுச்சு?" உன் வாயை மூட யாரால் முடியும்?

பிறகு இருமல் வந்தது. ஏசிக் குளிர் என்றாய், மழை என்றாய். "சீசன் முடியட்டும் புள்ள, போயிப் பாப்பம்" என்றாய். நீ இளைத்துக்கொண்டே போனாய். கடைசியில் உன்னை நான்தான் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் உன் நெஞ்சுப் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நாம் இருவரும் படித்துவிட்டோம், நம் தொழில் அதுதானே. வலது பக்கம் முழுக்கக் கறுப்பு. இடது பக்கம் நடுவில் கெட்டியாக, அழகாக, நல்ல பருப்பு மாதிரி வெள்ளை. நான் வலது பக்கத்துக் கறுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீ இடது பக்கத்தைக் காட்டி என் கையைப் பிடித்து அழுத்தினாய்.

"பாத்தியா, இந்தப் பக்கமாச்சும் சஃபேத் ஹை, டீக் ஹை."

எனக்கும் அப்படித்தான் பட்டது. தலையாட்டினேன். டாக்டர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக ஹிந்தியில் சொன்னார்: கறுப்பாகத் தெரிவது காற்று, அதுதான் நல்ல நுரையீரல். அங்கே இருக்கக் கூடாதது வெள்ளையாகத் தெரிகிறது.

"அப்ப எல்லாம் தலைகீழா?" என்று கேட்டு நீ சிரித்தாய். உன் கை மட்டும் ஆட்டோவில் வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

சிகிச்சைக்காக நீ சென்னைக் கப்பல் ஏறியபோது ஹாடோ ஜெட்டியில் உன்னை வழியனுப்பினேன். "நான் வர்ற வரைக்கும் என் நாற்காலியில வேற எவளையும் உக்கார வைக்காத" என்றாய். நீ திரும்பவில்லை, உன்னைச் சென்னையிலேயே எரித்துவிட்டார்கள். போனில்தான் கேட்டேன். உன் நாற்காலியில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான். அவளிடம் எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது.

இன்று அவள் லீவு. தாதாவின் பழங்களை நானே மிஷினில் வைத்தேன். ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அவர் வாசலில் நின்று, "தீதி, கைஸா ஹை?" என்றார். "டீக் ஹை" என்றேன். 'சஃபேத் ஹை' என்ற முன்பாதி என் வாயில் வரவில்லை. இனி வராது என்றுதான் நினைக்கிறேன்.

அவர் சந்தோஷமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் திரையை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிடித்த படங்களில் எல்லாக் கொட்டைகளும் வெள்ளை வெளேரென்று, ஒரு குறையும் இல்லாமல் நிறைந்திருந்தன. கறுப்பைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. இவற்றைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.