நைஸ்: திருத்தத்துக்கு அனுப்பப்பட்டது

மார்ச் 4

ஐயா,

நமது ஆங்கிலம்-தமிழ் அகராதியின் இரண்டாம் பதிப்பு வேலை நடந்துவருகிறது. ‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, தாங்கள் இங்கே பணியில் இருந்த காலத்தில் எழுதிய அட்டை இத்துடன் வருகிறது. அதில் ‘நல்ல, இனிய, இதமான’ என்று மூன்று சொற்களோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எங்கே பிறந்தது, எப்படிப் பொருள் மாறி வந்தது என்பதும் புதிய பதிப்பில் வேண்டும்.

அட்டையை எழுதியவர் ஒப்புதல் இல்லாமல் வேறு யாரும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. குறை இருந்தால் மஞ்சள் துண்டில் எழுதி ஒட்டி, அவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இந்த அலுவலக விதி தங்களுக்கு நினைவிருக்கும். மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கிறேன். மாத இறுதிக்குள் திருத்தி அனுப்பவும்.

இங்ஙனம்,
தலைமைத் திருத்துநர்

பி.கு. உங்கள் மழைக்கோட்டு இங்கே பீரோவிலேயே கிடக்கிறது. வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.


மார்ச் 10

தலைமைத் திருத்துநர் அம்மாவுக்கு,

கட்டின புருஷனுக்கு ‘ஐயா’ போட்டு, ‘தாங்கள்’ போட்டு, மஞ்சள் துண்டும் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். கடிதத்தைப் பிரித்தபோது வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வந்த நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன். மழைக்கோட்டு வேண்டாம். இங்கே ஒன்று வாங்கிவிட்டேன். கை கொஞ்சம் நீளம், மடித்துப் போட்டுக்கொள்கிறேன்.

அட்டைக்கு வருகிறேன். ‘நைஸ்’ என்பது, லத்தீனில் ‘அறியாத’ என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு ‘முட்டாள்தனமான’ என்று பொருள். அன்றைக்கு ஒருவரைப் பார்த்து ‘நைஸ்’ என்றால் அடிக்க வந்திருப்பார்கள். இன்றைக்கு அதையே சொன்னால் உட்காரச் சொல்லி நாற்காலி போடுகிறார்கள். எழுநூறு வருஷத்தில் சொல் நன்றாகப் பிழைத்துக்கொண்டது.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகப்போகிறது. இங்கே ஒரு வசதி உண்டு. சாட்சி சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்க்க வேண்டும், பிழை இருந்தால் பிழையோடு. அழகுபடுத்த யாரும் பக்கத்தில் நிற்பதில்லை.

சாப்பாடெல்லாம் வேளாவேளைக்கு நடக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
‘ஐயா’


மார்ச் 17

அன்புள்ளவருக்கு,

முதுகுவலி நலம். நான்தான் நலமில்லை.

அட்டையை மறுபடியும் மஞ்சள் துண்டோடு அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். முட்டாளிலிருந்து இனியவருக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டீர்கள். நடுவில் சில படிகள் உண்டு. முட்டாளுக்குப் பிறகு அந்தச் சொல், எதிலும் குறை காண்கிற, லேசில் திருப்திப்படாத ஆளைக் குறித்தது. பிறகு ‘நுணுக்கமான, துல்லியமான’ என்றும் ஆனது. அதற்கப்புறம்தான், சுமார் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன், ‘இனிய’ என்ற பொருள் வந்து மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. குறை காண்கிற ஆள் என்று எழுதினால் நான் என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைப்பேனோ என்று விட்டுவிட்டீர்களா? அலுவலகத்தில் எனக்குச் ‘சிவப்பு மை’ என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியும். தைரியமாக எழுதுங்கள்.

தமிழ்ப் பக்கத்தையும் சேர்த்தால் என்ன? இரவல் வாங்கிய சொல்லை நாம் நம் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டோம். மாவை நைஸாக அரைக்கிறோம். வேலை வந்தால் நைஸாக நழுவுகிறோம். காரியம் ஆக வேண்டுமென்றால் நைஸ் பண்ணுகிறோம். இதையெல்லாம் இங்கிலாந்துக்காரரிடம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா நேற்றும் பிடித்துக்கொண்டாள். “சார் எப்பம்மா வர்றாரு? போயி ரொம்ப நாளாச்சே.”

“வேலை முடிஞ்சதும் வந்துடுவாரு.”

அவள் ஊசியில் நூல் கோத்து முடித்தாள். பிறகு, “என்ன வேலைம்மா அது, முடியவே மாட்டேங்குது?” என்றாள். நான் படியேறி வந்துவிட்டேன்.

‘அழகுபடுத்த யாரும் பக்கத்தில் நிற்பதில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன்.

உங்கள்
சிவப்பு மை


மார்ச் 25

சிவப்பு மைக்கு,

விட்ட படிகளையெல்லாம் சேர்த்துவிட்டேன். நீ சொன்ன பயத்தில்தான் விட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ்ப் பக்கம் கட்டாயம் வேண்டும். போன வாரம் அதனால் ஒரு கூத்து. வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்ட ஒரு பெரியவர் கூண்டில் ஏறி, “தம்பி நைஸா பேசி கையெழுத்து வாங்கிட்டான்யா” என்றார். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. தம்பி இனிமையாகப் பேசினான் என்று சொன்னால் வழக்கே கவிழ்ந்துவிடும். தேன் தடவிப் பேசி ஏமாற்றினான் என்று பொருள் என விளக்கினேன். சரிதானா என்று பெரியவரிடமே கேட்கச் சொன்னார் நீதிபதி. பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, “ஆனா கேக்க நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தையல்காரம்மா கெட்டிக்காரி. வேலைக்காக வந்தேன் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீயும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அப்பாவுக்கு நான் எழுதிய கடிதத்தைப் பற்றி நாம் ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா? நீ ஆரம்பிப்பாய் என்று நான் பார்த்தேன். நான் ஆரம்பிப்பேன் என்று நீ பார்த்திருப்பாய்.

அட்டை இத்துடன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அவர்


ஏப்ரல் 2

அன்புள்ளவருக்கு,

நான் ஆரம்பிக்கிறேன். தவறு என்னுடையதுதானே.

நம் கல்யாணத்துக்கு வராத உங்கள் அப்பாவுக்கு, ஆறு வருஷம் கழித்து, உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு நீங்கள் எழுதினீர்கள். திங்கட்கிழமை காலை, நாலு தாள், உறை இல்லாமல் என் கையில் கொடுத்து, “போற வழியில போட்டுடு” என்றீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. ஒரே விஷயம் மூன்று இடத்தில் வந்தது. எழுத்துப்பிழைகளும் இருந்தன. உங்கள் அப்பா இதைப் பார்த்துவிட்டு, இவள்கூட இருந்தும் மகன் இப்படி எழுதுகிறானே என்று நினைப்பாரே என்று தோன்றியது. என்னை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. திருத்தினேன். மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து, அழகாக டைப் அடித்து, வியாழக்கிழமை தபாலில் போட்டேன். வெள்ளிக்கிழமை அவர் போய்விட்டார். கடிதம் திரும்பி வந்தது. நீங்கள் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்கவில்லை. மூன்று மாதத்தில் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டீர்கள்.

அலுவலகத்தில் யாரோ எழுதிய அட்டையில் ஒரு காற்புள்ளி வைக்கக்கூட அனுமதி கேட்கிறவள் நான். உங்கள் மனசைத் திருத்துவதற்கு உங்களைக் கேட்கவில்லை. இதற்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் இத்தனை நாளை ஓட்டிவிட்டேன். அந்த அட்டையை அப்போது உங்களுக்கு அனுப்ப அவசரமே இருக்கவில்லை. உங்களை வீட்டுக்குக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

வந்துவிடுங்கள் என்று கேட்கிறேன். வர மனமில்லை என்றால் அதையாவது எழுதுங்கள்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 11

என் அன்பே,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் நீதிமன்றத்துக்குப் போய்வந்தேன். நான் சொல்லப்போவதைப் படித்த பிறகு நீ என்னைக் கூப்பிடுவாயா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

அப்பாவின் சாவுக்குப் போன அன்றைக்கே அக்கா என்னிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நினைவில்லை. கண்ணையே திறக்கவில்லை. நீ திங்கட்கிழமையே போட்டிருந்தாலும் அவர் அந்தக் கடிதத்தைப் பார்த்திருக்க மாட்டார். இது எனக்கு அன்றிலிருந்தே தெரியும்.

உன்னிடம் சொல்லவில்லை. நீ கூனிக் குறுகி நடமாடியதைப் பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை. என் எழுத்தில் நீ கைவைத்ததில் எனக்கு நிஜமாகவே கோபம் இருந்தது. ஆனால் வீட்டை விட்டு வந்ததற்கு அது காரணமில்லை. அவருக்கு ஆறு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் நான். அந்த ஆறு வருஷத்தை உன் மூன்று நாளின் தலையில் கட்டிவிட்டால் எனக்குத் தூக்கம் வந்தது. இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. முடிவு உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன்
கணவன்


ஏப்ரல் 27

உங்களுக்கு,

அட்டை அச்சுக்குப் போய்விட்டது. அந்த விஷயம் அதோடு முடிந்தது.

உங்களுக்கு நான்கு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். முதல் கடிதத்தில், இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதீர்கள் என்று இருந்தது. இரண்டரை வருஷம்! தபால்பெட்டியைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்திருக்கிறேன். உங்கள் அக்காவுக்கு என் முகம் பிடிக்காது என்று நானாக முடிவுசெய்து, அவர் மகள் பிறந்ததற்குக்கூட வாழ்த்துச் சொல்லாமல் இருந்தேன். நேற்று அவருக்குப் போன் செய்தேன். நான் அழ ஆரம்பித்ததும், “ஐயோ, இதை அவன் உன்கிட்ட சொல்லவே இல்லையா?” என்றார். அதற்குப் பிறகு அவரும் அழுதார். அரைமணி நேரம் உங்களைத் திட்டினோம். எனக்குப் போதவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். தீரவில்லை. தபாலில் திட்டுவது எனக்குச் சரிப்படவில்லை. நாலு வரி எழுதுவதற்குள் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தோன்றிவிடுகிறது.

நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. திட்டி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே வாருங்கள்.

உங்கள் மனைவி